ஒரு துடிப்பு போதுமா? லாச்சிங் ரிலேயை இயக்கும் வழிகளும் அவற்றின் வரம்புகளும்

சாதாரண ரிலேயில் காயிலுக்கு மின்னோட்டம் இருக்கும்வரைதான் தொடுமுனைகள் சேர்ந்திருக்கும். லாச்சிங் ரிலே அப்படியல்ல. ஒரு சிறு மின்துடிப்பில் ஆர்மேச்சர் ஒரு பக்கம் புரளும். பிறகு உள்ளிருக்கும் நிரந்தரக் காந்தமே அதை அங்கே பிடித்துக்கொள்ளும். மறுபக்கம் புரட்ட, ஒற்றைக் காயில் வகையில் எதிர்த்திசைத் துடிப்பு வேண்டும். இரட்டைக் காயில் வகையில் இரண்டாவது காயிலுக்கு ஒரு துடிப்பு வேண்டும். மின்செலவில் கிடைக்கும் லாபம் பெரிது. கடைகளில் சகஜமாகக் கிடைக்கும் 5 வோல்ட் சிறு ரிலேயின் காயில் ஏறத்தாழ 70 ஓம். அதை ஒரு நாள் முழுக்க இழுத்துப் பிடித்து வைக்க 30 கிலோஜூலுக்கு மேல் ஆகும். 250 ஓம் காயிலுள்ள 5 வோல்ட் லாச்சிங் ரிலேயை 20 மில்லிவினாடித் துடிப்பால் புரட்ட 2 மில்லிஜூல் போதும். இரண்டின் தொடுமுனைகளும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தாங்கக்கூடியவை அல்ல என்பதைக் கழித்துக்கொண்டாலும் வித்தியாசம் கோடி மடங்கு வரிசையில் நிற்கிறது. பேட்டரிக் கருவிகளும், கட்டடங்களில் ஓடும் கே.என்.எக்ஸ். தானியங்கி இணைப்புகளும், ஸ்மார்ட் மீட்டர்களும் இந்த ரிலேயை நாடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அந்த ஒரே ஒரு துடிப்பை எப்படி உண்டாக்குவது? கபாசிட்டர் போதும் என்பவர்கள், டைமர் ஐசி வேண்டும் என்பவர்கள், மைக்ரோகன்ட்ரோலரில் நான்கு வரி நிரல் எழுதினால் முடிந்தது என்பவர்கள் என்று மூன்று தரப்புகள் நெடுங்காலமாக இருக்கின்றன. மூன்று தரப்பும் துடிப்பின் அகலத்தையே மையப் பிரச்சினையாக எடுத்துக்கொள்கின்றன. அகலம் இந்தக் கேள்வியின் எளிய பாதி மட்டுமே என்பதும், மின்சாரம் வரும் நேரமும் போகும் நேரமும் ரிலேயின் உண்மை நிலை சுற்றுக்குத் தெரியுமா என்பதுதான் கடினமான பாதி என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

துடிப்பு முடியும்போது ஆர்மேச்சர் எங்கே இருக்கிறது?

நிரந்தரக் காந்தத்தையும் காயிலையும் சேர்த்துப் பயன்படுத்தும் துருவ ரிலேக்கள் 19-ஆம் நூற்றாண்டுத் தந்திக் கருவிகளிலேயே உண்டு. மின்னோட்டத்தின் திசைக்கேற்ப நாக்கு இடமோ வலமோ சாயும். மின்னோட்டம் நின்றாலும் சாய்ந்த பக்கமே நிற்கும். இன்றைய சிறு லாச்சிங் ரிலேயும் இதே தத்துவத்தின் வாரிசுதான். கொள்கையளவில், ஆர்மேச்சர் நடுப்புள்ளியைத் தாண்டிவிட்டால் மிச்ச வேலையைக் காந்தம் பார்த்துக்கொள்ளும். துடிப்பு அங்கேயே முடிந்தாலும் பாதகமில்லை. நடைமுறையில் உற்பத்தியாளர்கள் இதை நம்பச் சொல்வதில்லை. சிறு சிக்னல் ரிலேயின் புரளும் நேரம் 3 அல்லது 4 மில்லிவினாடி என்று குறித்துவிட்டு, துடிப்பை அதைப் போலப் பல மடங்கு நீட்டச் சொல்வார்கள். ஆர்மேச்சர் போய் மோதித் துள்ளும்போது காயிலின் பிடி இல்லாவிட்டால் அது திரும்பிவிடலாம். பெரிய மின்னோட்ட ரிலேக்களில் இரண்டுங்கெட்ட நடுநிலையில் நின்றுவிடும் வாய்ப்பும் உண்டு. பாதி அழுத்தத்தில் சேர்ந்த தொடுமுனை சுமையைச் சுமந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எல்லா ரிலேயும் இப்படி இயந்திர அசைவு முடியும்வரை காத்திருக்கச் சொல்வதில்லை. 1965-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், சக்கசன்னாவில், பெல் நிறுவனம் இயக்கிய முதலாம் எண் மின்னணுத் தொலைபேசி நிலையத்தில் ஃபெரீட் என்னும் காந்த நினைவு கொண்ட ரீட் சுவிட்சுகள் இருந்தன. அங்கே மில்லிவினாடிக்கும் குறைவான துடிப்பு காந்தப் பொருளின் நிலையை மாற்றிவிட்டு ஓய்ந்துவிடும். ரீட் நாக்குகள் அதன் பிறகு நிதானமாக அசைந்து சேரும். நினைவு இருந்த இடம் உலோகத்தின் காந்தப் பண்பு. நாக்கின் இருப்பிடம் அல்ல. ஆக, ‘எவ்வளவு நீளத் துடிப்பு’ என்ற கேள்விக்கு, நினைவு எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது. மீதக்காந்த வகை ரிலேக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றை விடுவிக்கக் காந்தத்தன்மையை அழிக்க மட்டும் போதுமான, அளவான எதிர் மின்னோட்டம் வேண்டும். மிஞ்சினால் எதிர்த்திசையில் காந்தமாகி மறுபடி பிடித்துக்கொள்ளும். கூடக் கொடுத்தால் கெடுதலில்லை என்ற பொதுப் புத்தி இங்கே செல்லாது.

கபாசிட்டர் தரப்பு

மிகப் பழையதும் மிக அழகானதுமான விடை, ஒற்றைக் காயிலோடு ஒரு கபாசிட்டரைத் தொடராக இணைப்பது. மின்னழுத்தம் ஏறும்போது கபாசிட்டர் நிரம்பும் மின்னோட்டம் காயில் வழியே ஒரு திசையில் பாயும். நிரம்பியதும் தானே நின்றுவிடும். உள்ளீட்டைத் தரைக்கு இழுத்தால் கபாசிட்டர் காலியாகும் மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்ந்து ரிலேயைத் திருப்பிவிடும். நேரக் கணக்கு வைக்கும் பாகம் எதுவும் தேவையில்லை. காயில் தொடர்ந்து சூடாகும் அபாயமில்லை. மின்சாரம் போனால் ரிலேயைத் திருப்பும் சக்தியும் உள்ளேயே சேமிப்பில் இருக்கிறது. இந்த மூன்றாவது குணத்தை மற்ற தரப்புகள் தனிப் பாகங்கள் வைத்துத்தான் பெற முடியும்.

குறைகளைக் கணக்குப் போட்டால்தான் பார்க்க முடியும். மேலே சொன்ன 250 ஓம் ரிலேயையே எடுப்போம். குறித்த மின்னழுத்தத்தில் 75 சதவீதம், அதாவது 3.75 வோல்ட்டில், புரண்டாக வேண்டும் என்பது அதன் உத்தரவாதம் என்று கொள்வோம். அப்போது காயிலில் ஓடுவது 15 மில்லிஆம்பியர். 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் வைத்தால் காலமாறிலி 117 மில்லிவினாடி வரும். ஆனால் காயிலின் மேலுள்ள அழுத்தம் 3.75 வோல்ட்டுக்கு மேல் நிற்பது ஏறத்தாழ 34 மில்லிவினாடிதான். இது தாராளம். 100 மைக்ரோஃபாரட் என்றால் 7 மில்லிவினாடி. மேசையில் இதுவும் வேலை செய்யும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெயிலில் காயும் பெட்டிக்குள் வெப்பம் 20-இலிருந்து 70 டிகிரிக்கு ஏறினால், செம்புக் காயிலின் மின்தடை கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடி 300 ஓம் ஆகும். அதே 15 மில்லிஆம்பியர் ஓட இப்போது 4.5 வோல்ட் வேண்டும். சூட்டில் காந்தமும் சற்றுத் தளரும் என்பதால் இந்த எண் கொஞ்சம் மாறலாம்; போக்கு மாறாது. 100 மைக்ரோஃபாரட்டில் பயனுள்ள நேரம் 3 மில்லிவினாடியாகச் சுருங்குகிறது. அது ரிலே புரள ஆகும் நேரமேதான். 470 வைத்தால் 15 மில்லிவினாடி மிஞ்சுகிறது. எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர் குறித்த மதிப்பிலிருந்து 20 சதவீதம் குறைந்திருக்கலாம், வயதாக ஆகக் காயலாம் என்பதையெல்லாம் இதிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இயக்கும் டிரான்சிஸ்டரில் 0.7 வோல்ட் விழுகிறது என்று வையுங்கள். ரிலேக்குக் கிடைப்பது 4.3. குளிர்ந்த நிலையில் ரிலே புரளும். சூடான நிலையில் தேவை 4.5, எவ்வளவு பெரிய கபாசிட்டரை மாட்டினாலும் புரளாது. நேரக் குறையைக் கபாசிட்டர் ஈடுசெய்யும், அழுத்தக் குறையை ஈடுசெய்யாது. அதேபோல் மின்னழுத்தம் மெல்ல ஏறும் வழங்கியிலும் இந்த முறை படுத்துவிடும். 5 வோல்ட்டை எட்ட அரை வினாடி எடுத்துக்கொள்ளும் வழங்கியில் 470 மைக்ரோஃபாரட் வழியே பாயக்கூடிய உச்ச மின்னோட்டம் 5 மில்லிஆம்பியரைக்கூடத் தொடாது. ரிலே அசையாது; கபாசிட்டரோ நிரம்பிவிடும்; அடுத்த வாய்ப்பும் போய்விடும். கபாசிட்டருக்கு முன்னால் ஷ்மிட் டிரிகர் போன்ற ஒன்றை வைத்து, அழுத்தம் போதிய அளவு ஏறிய பிறகே ஒரேயடியாகத் திறக்கச் செய்யலாம் என்று இத்தரப்பினர் பதில் சொல்வார்கள். சரியான பதில்தான். ஆனால் ஒரே ஒரு கபாசிட்டர் என்ற அந்த எளிமை அப்போது கரைந்துவிடுகிறது.

டைமர் தரப்பு

தூண்டினால் ஒரு குறித்த நேரம் மட்டும் விழித்திருந்து உறங்கிவிடும் சுற்றுகளுக்கு வேர், முதல் உலகப் போரையொட்டிய வெற்றிடக் குழாய் ஆய்வுகளில் இருக்கிறது. எக்கிள்ஸ், ஜோர்டன் இருவரின் இருநிலைச் சுற்றும், ஆபிரகாம், பிளோக் இருவரின் மல்ட்டிவைப்ரேட்டரும் அந்தக் காலத்தவை. பிறகு டிடிஎல் குடும்பத்தில் 74121, 74123, சிமாஸில் 4538. பொதுமக்கள் கைக்கு இதைக் கொண்டுவந்தது, ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்து 1972-இல் சிக்னெட்டிக்ஸ் விற்பனைக்கு விட்ட 555. ஒரு ரெசிஸ்டர், ஒரு கபாசிட்டர். நேரம் அவற்றின் பெருக்கல் தொகையைப் போல் 1.1 மடங்கு. 100 கிலோஓமும் 0.47 மைக்ரோஃபாரட்டும் வைத்தால் 52 மில்லிவினாடி. காயிலின் தடையோ சூடோ இந்த நேரத்தைத் தொடாது. துடிப்பு கபாசிட்டர் முறையில் போலச் சரிந்து இறங்காமல் சதுரமாக நிற்கும். இவை உண்மையான முன்னேற்றங்கள்.

குறைகளும் அதே அளவுக்கு உண்மையானவை. தூண்டும் காலில் தாழ்நிலை துடிப்பைவிட நீண்டால் 555-இன் வெளியீடும் கூடவே நீளும். மிதவைச் சுவிட்ச் போல மணிக்கணக்கில் ஒரே நிலையில் நிற்கும் உள்ளீட்டை நேராகக் கொடுத்தால், ஒற்றைத் துடிப்பு தரவேண்டிய சுற்றே காயிலை மணிக்கணக்கில் கொதிக்க வைக்கும். ஆகவே முன்னால் ஒரு சிறு கபாசிட்டர்-ரெசிஸ்டர் இணை வைத்து விளிம்பை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். மின்சாரம் வரும் கணத்தில், ரீசெட் காலைக் கொஞ்ச நேரம் கீழே பிடித்து வைக்காவிட்டால், யாரும் கேட்காமலே ஒரு துடிப்பு போகலாம். சாதாரண ரிலேயில் இப்படி ஒரு பொய்த்துடிப்பு போனால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு முடிந்துவிடும். லாச்சிங் ரிலேயில் அது நிலைத்துவிடும். மேலும், 5 வோல்ட்டில் ஓடும் பழைய பைபோலார் 555-இன் உயர்நிலை வெளியீடு சுமார் 3.3 வோல்ட்தான். நம் 250 ஓம் ரிலேக்கு அது சூடில்லாத நாளிலேயே போதாது. இரண்டு திசைக்கும் துடிப்பு வேண்டுமென்றால் டைமர் இரண்டு, அவை ஒரே நேரத்தில் கிளம்பாமல் தடுக்க ஒரு பூட்டுச் சுற்று என்று பலகை நிறைந்துகொண்டே போகும்.

நிரலை நம்பும் தரப்பு

இன்று புதிதாக வடிவமைப்பவர்களில் பலரும் இந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள். மைக்ரோகன்ட்ரோலர் எப்படியும் பலகையில் இருக்கிறது. ஒரு காலை உயர்த்தி, 50 மில்லிவினாடி காத்து, இறக்கினால் முடிந்தது. இரட்டைக் காயில் என்றால் யு.எல்.என். 2003 போன்ற டார்லிங்டன் தொகுப்பு, ஒற்றைக் காயில் என்றால் எச்-பிரிட்ஜ். சிலர் 20 மில்லிஆம்பியர் காயிலை இரண்டு கால்களுக்கு நடுவே நேராகவே கட்டிவிடுவார்கள். ஏவிஆர் வகைச் சில்லுகளில் இது பெரும்பாலும் ஓடவும் செய்யும். ஆனால் டேட்டாஷீட் உறுதியளிக்கும் மோசமான நிலையில் ஒவ்வொரு காலிலும் ஏறத்தாழ 0.8, 0.9 வோல்ட் விழுந்து ரிலேக்கு 3.3 வோல்ட்தான் மிஞ்சும். ஓடுகிறது என்பதும் ஓடியாக வேண்டும் என்பதும் வேறு வேறு.

நிரல் தரப்பின் பலம் வளைந்து கொடுப்பது: அகலத்தை மாற்றலாம், வெப்பத்துக்கேற்ப நீட்டலாம், பத்து ரிலேக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டி வழங்கியின் மேல் ஒரே நேரத்தில் பாரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம். பலவீனம், துடிப்பின் முடிவு ஒரு கட்டளையைச் சார்ந்திருப்பது. காலை உயர்த்திய பிறகு, இறக்குவதற்குள் நிரல் சிக்கிக்கொண்டால் காயில் எரியும் வரை மின்சாரம் பாயும். துடிப்புக்கென்றே சுற்றிய காயில்கள் பலவற்றுக்குத் தொடர் மின்னோட்டம் ஆகாது. வாட்ச்டாக் இதற்கு மருந்து, ஆனால் அதன் கால அளவு காயில் தாங்கும் நேரத்துக்குள் இருக்க வேண்டும். சில்லு விழிக்கும்போது அதன் கால்கள் எதனோடும் ஒட்டாமல் மிதக்கும். இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர் இல்லையென்றால் அந்த இடைவெளியில் எதுவும் நடக்கலாம்.

இரண்டு காயில்களுக்கு நடுவே

மூன்று தரப்புக்கும் பொதுவான ஒரு சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது எழும் எதிர் அழுத்தத்தை அடக்கக் காயிலின் குறுக்கே டையோடு போடுவது பழகிய வழக்கம். ஒற்றைக் காயிலில் மின்னோட்டம் இரு திசையிலும் பாய்வதால் தனி டையோடு ஆகாது. பிரிட்ஜின் நான்கு டையோடுகளோ, இரு பக்கமும் அடக்கும் பாகமோ வேண்டும். இரட்டைக் காயிலில் சிக்கல் மறைவானது. ஒரே உள்ளகத்தில் சுற்றிய இரு காயில்களும் ஒன்றுக்கொன்று டிரான்ஸ்ஃபார்மர் போல நடந்துகொள்ளும். ஒன்றுக்குத் துடிப்பு கொடுக்கும்போது மற்றதில் அழுத்தம் தூண்டப்பட்டு, அதன் டையோடு வழியே ஓடும் மின்னோட்டம் காந்தப்புலம் எழுவதையே தடுத்து நிறுத்தப் பார்க்கும். புரளும் நேரம் நீளும். கணக்கெல்லாம் சரியாகப் போட்டும் ரிலே சோம்பிக் கிடந்தால் இங்கே ஒருமுறை பார்ப்பது நல்லது.

எழுதுவது சரி, படிப்பது யார்?

இனி கடினமான பாதி. லாச்சிங் ரிலே என்பது தொடுமுனை வைத்த ஒரு பிட் நினைவகம். துடிப்பு அனுப்புவது அதில் எழுதுவது. எழுதியது பதிந்ததா என்று மேலே பார்த்த எந்தச் சுற்றும் படித்துப் பார்ப்பதில்லை. சாதாரண ரிலேயில் இந்தக் கேள்வி எழாது. அங்கே காயிலின் நிலையே ஏறத்தாழ ரிலேயின் நிலை. லாச்சிங் ரிலேயில் நினைவு இரண்டு இடத்தில் இருக்கிறது: காந்தத்தில் ஒன்று, கட்டுப்படுத்தும் சுற்றில் ஒன்று. இரண்டும் பிரியப் பல வழிகள். ரிலே விடுவித்த நிலையில்தான் ஆலையை விட்டு வரும், ஆனால் போக்குவரத்து அதிர்ச்சியில் புரண்டிருக்கலாம் என்று டேட்டாஷீட்டே எச்சரிக்கிறது. மின்சாரம் போகும் கணத்தில் துடிப்பு பாதியில் முறியலாம். நிலையை இஇப்ராமில் எழுதி வைக்கலாம் என்றால், துடிப்புக்கு முன் எழுதுவதா, பின் எழுதுவதா? இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போனால் எதுவானாலும் பொய்யாகும்.

இதற்கு எளிய மறுப்பு ஒன்று வரும்: நிலை தெரியாவிட்டால் என்ன, வேண்டிய நிலைக்கான துடிப்பை அவ்வப்போது திரும்ப அனுப்பினால் போயிற்று. இந்த மறுப்புக்குக் கனமுண்டு. ஏற்கெனவே அந்தப் பக்கம் நிற்கும் ரிலேக்கு அதே பக்கத் துடிப்பு கெடுதல் செய்யாது; மணிக்கு ஒரு துடிப்பு வீதம் அனுப்பினாலும் நாளுக்கு 48 மில்லிஜூல்தான். பல கருவிகளுக்கு இதுவே போதும் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் ஐரோப்பிய வீடுகளில் மாடிப்படி விளக்குக்கு வைக்கும் இம்பல்ஸ் ரிலேயில், ஒவ்வொரு துடிப்புக்கும் நிலை மாறி மாறி விழும். அங்கே திரும்ப அனுப்புவதே பிழை. அதைவிட முக்கியம், திரும்ப அனுப்புவது எழுதுவதை மட்டுமே மீண்டும் செய்கிறது. தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் ஆயிரம் துடிப்பு அனுப்பினாலும் சுற்று தான் பிரித்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருக்கும்.

இன்னொரு மறுப்பு வடிவமைப்பாளர்களுடையது: படிப்பதற்குத் தொடுமுனை ஒன்றை ஒதுக்கினால் செலவு கூடும். இரு துருவச் சிக்னல் ரிலேயில் ஒரு துருவம் சும்மா கிடந்தால் செலவே இல்லை. ஆனால் இரு துருவமும் ஒன்றாகத்தான் புரளும் என்பதற்கு, அதற்கெனக் கட்டாயப் பிணைப்போடு செய்த ரிலேக்கள் தவிர வேறெங்கும் உத்தரவாதமில்லை. ஒற்றைத் துருவப் பெரிய ரிலேயில் சுமைப் பக்க அழுத்தத்தை ஒரு ரெசிஸ்டர் வழியே படிக்கலாம். அதன் விலை சில பைசா. தவறான நிலையில் ஓடும் ஒரு மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் இந்த மறுப்பு நிற்காது என்றே தோன்றுகிறது.

மின்சாரம் போகும் கணத்துக்கான விடை சேமிப்பில் இருக்கிறது. 2 மில்லிஜூல் துடிப்புக்கு, 5 வோல்ட்டிலிருந்து 4.5 வரை மட்டும் இறங்க அனுமதித்தால், ஏறத்தாழ 850 மைக்ரோஃபாரட் வேண்டும். அதே சக்தியை 12 வோல்ட்டில் சேமித்து, நல்ல மாற்றி வழியே எடுத்தால் 40 மைக்ரோஃபாரட்டுக்குள் முடியும். சக்தி அழுத்தத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்ற பள்ளிப் பாடத்தின் பயன் இது. ஒழுங்கு இதுதான்: சேமிப்பில் ஒரு முழுத் துடிப்புக்கு வேண்டியது இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் மட்டும் துடிப்பைத் தொடங்க வேண்டும். அரைத் துடிப்பைவிடத் துடிக்காமல் இருப்பது மேல்.

தீராமல் நிற்பவை

சிறு ரிலேக்களைப் பொறுத்தவரை உண்டாக்கும் முறைச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது என்று கருதலாம். மின்சாரம் போனால் ஒரே பக்கம் திரும்பினால் போதும் என்ற எளிய கருவிக்கு, திடீரெனத் திறக்கும் விளிம்பும் தாராளமான கபாசிட்டரும் இன்னும் சிறந்த விடை. மைக்ரோகன்ட்ரோலர் இல்லாத, இரு திசைக் கட்டளை வரும் பலகையில் டைமருக்கு இடமுண்டு. மற்ற இடங்களில் நிரல், ஆனால் சேமிப்போடும் படிப்போடும் சேர்ந்து.

பெரிய ரிலேக்களில் கணக்கு வேறு. காயில் 12 வோல்ட்டில் 3 வாட் எடுக்கிறது, துடிப்பு 100 மில்லிவினாடி என்று கொண்டால் தேவை 300 மில்லிஜூல். 12-இலிருந்து 10 வோல்ட் வரை இறங்கி அதைத் தர 13,600 மைக்ரோஃபாரட் வேண்டும். ஒரு மீட்டர் பெட்டிக்குள் அதற்கு இடம் தேடுவது சிரமம். துடிப்பு எந்த அளவுக்குக் குறுகினால் ரிலே நடுநிலையில் மாட்டாது என்பதற்கு, சூட்டையும் தேய்மானத்தையும் சேர்த்த எல்லை மதிப்புகள் டேட்டாஷீட்டுகளில் அரிது. பெரும்பாலான எண்கள் 20 டிகிரி வாக்கில், புது ரிலேயில் எடுத்தவை. ஆர்மேச்சர் நகரும்போது காயில் மின்னோட்டத்தில் விழும் சிறு பள்ளத்தைக் கண்டறிந்து, அது தெரிந்த பிறகே துடிப்பை முடிக்கலாம் என்ற யோசனை உண்டு. ஆர்மேச்சரின் அசைவை அது காட்டும். தொடுமுனை உண்மையில் சேர்ந்ததா, பிரிந்ததா என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தியாவில் ஐ.எஸ். 16444 தரநிலைப்படி வரும் ஸ்மார்ட் மீட்டர்களில், தொலைவிலிருந்து இணைப்பைத் துண்டிக்கவும் சேர்க்கவும் சுவிட்ச் உள்ளேயே இருக்கிறது. துண்டித்த பிறகு சுமைப் பக்கம் அழுத்தம் தெரிந்தால் தொடுமுனை ஒட்டிக்கொண்டது என்று பொருள் கொள்ளலாமா? வீட்டில் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ கூரைச் சோலாரோ தவறான இணைப்பில் ஓடினாலும் அதே அழுத்தம் தெரியும். இரண்டையும் பிரித்தறிய அழுத்தத்தின் அலைக்கட்டத்தை வலையமைப்போடு ஒப்பிட வேண்டும். மின்வெட்டு நேரத்தில் ஒப்பிடவே மறுபக்கம் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் படித்ததை எவ்வளவு நம்பி, எந்தத் துடிப்பை அனுப்புவது என்பதற்குப் பொதுவான விடை இன்னும் உருவாகவில்லை.